மணியடிக்காத வீடு

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று ஈசிஜி மெஷின் பார்த்தேன். மூன்றிலும் ஒரே குறை. வேலை முடிந்ததும் கேபிளை முறுக்கிச் சுற்றி வைக்கிறார்கள். உள்ளே கம்பி அறுந்துபோகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மேலாளர் போன் செய்தார். "இன்னும் லீவு வேணும்னா எடுத்துக்கப்பா." வேண்டாம் சார் என்றேன். வீட்டில் உட்கார்ந்து சுவரையா பார்ப்பது?

இது கம்பெனி கொடுத்த டைரி. ஜனவரி 18 வரை வேலைக் குறிப்பு இருக்கிறது. 19 முதல் வெற்றுப் பக்கம். 19 காலையில் என் மனைவி எழுந்திருக்கவில்லை. இருபத்தொன்பது வயது. நாற்பத்துமூன்று நாள் ஆகிறது. எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் மகள் சிட்டு பள்ளி நேரம் போகப் பகலில் மாமனார் வீட்டில் இருக்கிறாள். ஐந்து மணிக்குப் போய்க் கூட்டிவந்தேன். அந்த வீட்டுக்கு அழைப்பு மணி கிடையாது. வாசலில் ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் ஹாலில் ஒரு சிவப்புத் துணிப் பட்டை ஆடும். அது மாமாவின் கண்டுபிடிப்பு. கைபேசிகளுக்கும் சத்தம் கிடையாது, கடிகாரத்துக்கும் கிடையாது. தூங்குகிறவரை எழுப்ப வேண்டுமென்றால் கால் பெருவிரலைப் பிடித்து மெதுவாக அழுத்துவார்கள். கல்யாணமான புதிதில் "இது வீடா, லைப்ரரியா?" என்று கேட்டேன். "அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தவர். மணிச் சத்தம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு அவருக்கு. உங்களுக்கு என்ன, வாய மூடிக்கிட்டு இருந்தா பத்தாதா?" என்றாள்.

சிட்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "பாட்டி வீட்டு பாத்ரூம் தரை கால்ல கடிக்குதுப்பா." அத்தை அந்தத் தரையை உளி வைத்துக் கொத்தச் சொல்லிச் சொரசொரப்பாக்கி வைத்திருக்கிறார். யாரும் வழுக்கிவிடக் கூடாதாம்.

மார்ச் 4, புதன்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7, சனி

மாமா வீட்டுப் பரணிலிருந்து சிட்டுவுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் கிடைத்திருக்கிறது. டயல் சுற்றுகிற பழைய கறுப்பு போன். "அடிக்க மாட்டேங்குது. ரிப்பேர் பண்ணுங்கப்பா, நீங்கதானே ரிப்பேர் ஆளு?"

திறந்தேன். உள்ளே இரண்டு மணிக் கிண்ணி, கம்பிச் சுருள், எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு கிண்ணிக்கும் நடுவே ஆடி அடிக்கிற சின்னச் சுத்தியல் மட்டும் இல்லை. உடைந்து விழுந்ததில்லை. தண்டை அறுத்து, முனையில் பிசிறு தெரியாமல் அரம் போட்டிருக்கிறார்கள். தொழில் தெரிந்த கை.

மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"பழசு மாப்பிள்ளை. தேய்ஞ்சு போயிருக்கும்."

இரும்பு அப்படித் தேயாது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். பேப்பரைத் தலைகீழாக மடித்தார்.

மார்ச் 8, ஞாயிறு

சத்தம் பிடிக்காவிட்டால் ஒயரைப் பிடுங்கினால் போதுமே. எதற்கு அறுக்க வேண்டும்?

எனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி. வேறு எதையாவது நினைக்கத்தான்.

மார்ச் 12, வியாழன்

இதய டாக்டரின் கிளினிக். புது மெஷின் பொருத்தும் வேலை.

என் டூல்பாக்ஸ் மூடியின் உட்பக்கம் ஒரு ஈசிஜி தாள் ஒட்டியிருக்கிறேன். மெஷினை ரிப்பேர் செய்து கொடுக்கும்முன் யாராவது ஒருவர் மேல் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். அவசரமென்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் மேல்தான் வைப்பேன். அவள் மாதிரி அசையாமல் படுக்க யாராலும் முடியாது. கோடு அத்தனை சுத்தமாக வரும். வாடிக்கையாளர்களிடம் 'மெஷின் நன்றாயிருந்தால் இப்படித்தான் வரும்' என்று காட்ட அதில் ஒன்றை ஒட்டி வைத்தேன். இரண்டு வருடமாக மூடியில் இருக்கிறது.

டாக்டர் அந்தப் பக்கமாகப் போனவர் நின்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இது யாரோடது?"

"சாம்பிளுக்கு வச்சிருக்கேன் மேடம். பேஸ்லைன் கோடு பாருங்க, ஸ்கேல் வச்ச மாதிரி."

"மெஷினை விடுங்க. ஆள் யாரு? மருந்து ஏதாவது சாப்பிடறாங்களா?"

"இல்ல மேடம்."

"உடனே என்னை வந்து பாக்கச் சொல்லுங்க. நாளைக்கே வரட்டும்."

"சரி மேடம்" என்றேன்.

மூடியை மூடினேன். ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கினேன். வண்டியில் வந்து உட்கார்ந்தேன். சரி மேடம் என்று ஏன் சொன்னேன்? யாரை வரச் சொல்வேன்?

மார்ச் 13, வெள்ளி

வேலைக்குப் போகலை.

அவ அலமாரில பதினொரு தாள் இருந்துச்சு. நான் குப்பையில போட்டதையெல்லாம் எடுத்து வச்சிருக்கா. ஒவ்வொண்ணு பின்னாடியும் ஏதாவது எழுதியிருக்கா. 'இன்னைக்கு இருபது நிமிஷம் கட்டை மாதிரி படுத்தேன். சம்பளம் எப்போ, இஞ்சினீயர் சார்?' 'சிட்டு வயித்துக்குள்ள உதைக்கிறா, மெஷினுக்குத் தெரியலை. போங்க நீங்களும் உங்க மெஷினும்.' தாளோட முன்பக்கத்துல என் எழுத்து: சரி. தேதி. கையெழுத்து.

டிவைடர் வச்சு அளந்தேன். துடிப்போட தொடக்கத்துல இருந்து கடைசி மேடு இறங்கி முடியற வரைக்கும் சின்னக் கட்டம் பதினொண்ணுக்குள்ள இருக்கணும். பதிமூணு. அடுத்த தாள் பதிமூணு. அதுக்கடுத்தது பதிமூணரை. ஆறு வருஷமா அது அங்கேயே இருந்திருக்கு. நான் என்ன பார்த்தேன்? கோடு நடுங்குதா, இரைச்சல் இருக்கா, பேப்பர் சரியான வேகத்துல ஓடுதா. மெஷினைப் பார்த்தேன். மெஷின் சரி. சரி, சரி, சரின்னு பதினொரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கேன்.

இன்னொண்ணு. எழுதிடறேன். எழுதாம விட்டா வேற எங்கேயும் சொல்லப் போறதில்லை.

அவளை நான் எழுப்பலை. அலாரம்தான் எழுப்புச்சு. எப்பவும் காலைத் தொட்டுத்தான் எழுப்புவேன், அவ வீட்டுப் பழக்கம். அன்னைக்கு வெளியூர்ல மெஷின் இன்ஸ்டால் பண்ணணும், தூங்கிடுவேனோன்னு பயந்து முழுச் சத்தத்துல வச்சேன். அவ தலைமாட்டுல. அடிச்சது. அவ திடுக்குன்னு ஒரு மூச்சு இழுத்தா. நான் எழுந்துட்டான்னு நினைச்சு பல் விளக்கப் போயிட்டேன்.

பல் விளக்கப் போயிட்டேன்.

மார்ச் 14, சனி

டாக்டரிடம் போய், அது என் மனைவியுடையது, ஜனவரியில் போய்விட்டாள் என்று சொன்னேன். அவர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு. அஞ்சு வயசு."

அது பரம்பரையாக வருகிற இதயக் கோளாறாம். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பார்க்க ஆரோக்கியமாக இருப்பார்கள். தூக்கத்தில் இருக்கும்போது திடீரென்று அலாரமோ போன் மணியோ அடித்தால் சிலருக்கு இதயம் தாளம் தப்பிவிடும். தெரிந்தால் மருந்து இருக்கிறது.

"அவங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"இல்ல."

"நல்லா விசாரிங்க. இப்படிப்பட்ட சாவுக்கு வீட்ல வேற பேர் வச்சிருப்பாங்க. விழுந்துட்டா, மூழ்கிட்டா, இப்படி. குழந்தையைத் திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க."

மணிச் சத்தம். அலாரம். கயிறு, சிவப்புத் துணி, அறுத்த சுத்தியல்.

மார்ச் 15, ஞாயிறு

மாமா வீட்டு ஹாலில் ஒரு பழைய குடும்பப் போட்டோ உண்டு. அத்தைக்குப் பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

"என் தங்கச்சி" என்றார் அத்தை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்து போயிட்டா. இருபத்தொரு வயசு. நம்ம பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே."

மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அலாரத்தைச் சொல்லவில்லை. சிட்டுவுக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றதும் அத்தையின் முகம் மாறியது.

"என் தங்கச்சி வழுக்கி விழுந்தா. என் பொண்ணுக்கு விதி முடிஞ்சுது. இதுக்கும் அதுக்கும் என்ன முடிச்சு போடறீங்க? தாயில்லாப் புள்ள. அதுக்கு மேல சீக்காளின்னு வேற முத்திரை குத்தணுமா மாப்பிள்ளை? நாளைக்கு யார் வருவா அதைக் கட்டிக்க?"

"அஞ்சு வயசு அத்தை அவளுக்கு."

"எனக்கும் ஒரு காலத்துல அஞ்சு வயசுதான்."

மார்ச் 16, திங்கள்

கூட்டிப் போகவில்லை. டாக்டருக்கு போன் செய்து சளி என்று பொய் சொன்னேன். அத்தைக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அத்தைக்காக இல்லை. பதிமூன்று வந்தால்?

மார்ச் 17, செவ்வாய்

மெஷின் என் பையில் இருக்கிறது. சிட்டு சோபாவில் படுத்துக் கார்ட்டூன் பார்க்கிறாள். பத்து நிமிட வேலை. ஆயிரம் பேருக்கு எடுத்திருப்பேன். கேபிளை எடுத்தேன், நேராக்கினேன், திரும்பச் சுற்றி வைத்தேன்.

கதவுகளுக்கெல்லாம் அடியில் துணி வைத்திருக்கிறேன், அடித்துச் சாத்தாமல் இருக்க. மிக்ஸி போடுவதில்லை. காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

மாமா வீட்டிலிருந்து வரும்போது சிட்டு என் காதில் சொன்னாள், "அப்பா, நான் ஒரு ரகசியம் வச்சிருக்கேன். பாட்டி சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"சொல்லாத அப்ப."

"சொல்றேன். அன்னைக்கு நான் தூங்கும்போது பெரிய தட்டு டமால்னு விழுந்துச்சா, நான் எழுந்து உக்காந்தேனா, அப்புறம் எல்லாம் கறுப்பாயிடுச்சு. பாட்டி மூஞ்சியில தண்ணி அடிச்சு அழுதாங்க. பசி மயக்கமாம். எனக்குப் பசிக்கவே இல்லப்பா."

விசாரித்ததில், பிப்ரவரியில் நடந்திருக்கிறது. ஒரு மாதமாக அத்தைக்குத் தெரியும்.

கோபம் வர வேண்டும். வந்தது. வந்த உடனே என் அலாரம் ஞாபகம் வந்தது. நான் யாரைக் கேட்பது?

மார்ச் 21, சனி

காலை ஒன்பது மணிக்கு மாமா தனியாக பஸ் ஏறி வந்தார். இந்த வீட்டுக்கு அவர் சொல்லாமல் வந்ததே இல்லை. அழைப்பு மணி இருந்தும் கதவைத் தட்டினார். சிட்டுவைப் பக்கத்து வீட்டில் விளையாட விட்டேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். லைன்மேன்கள் வைத்துக்கொள்கிற வேலைக் குறிப்பு நோட்டு. முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தையது. "படிங்க" என்றார். நான் படிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பென்சில் எழுத்து. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

*ஆகஸ்ட் 2. ஸ்டாஃப் கோட்டாவில் நம் வீட்டுக்கு போன் இணைப்பு சாங்ஷன். மனைவிக்கு ஒரே குஷி. யாருக்குப் பேசுவாள் என்று தெரியவில்லை.*

*ஆகஸ்ட் 9. வாசலில் லாரி டயர் வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்த மச்சினி எழுந்து மயங்கிவிட்டாள். இரண்டு நிமிடத்தில் சரி.*

*ஆகஸ்ட் 14. 3 கம்பம், 40 மீட்டர் ஒயர். நம் வீட்டு லைன் முடிந்தது. டெஸ்ட் ரிங் 2.20க்கு.*

அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்க வெற்றுப் பக்கம். என் டைரி போலவே.

"புது லைன் போட்டா எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லி ஒரு தடவை அடிக்கச் சொல்லணும். அதான் டெஸ்ட் ரிங். உங்க அத்தை கடைக்குப் போயிருந்தா. அந்தப் பொண்ணு பரீட்சைக்கு விடிய விடியப் படிச்சுட்டு ஹால்ல பாயில படுத்திருந்தா. போனை அவ தலைமாட்டுலதான் வச்சேன், அங்கதான் பிளக் இருந்துச்சு. நான்தான் அடிக்கச் சொன்னேன். அடிச்சது. எழுந்து உக்காந்தா. என்னைப் பார்த்தா. அப்படியே சாய்ஞ்சா."

"அப்புறம் ஏன் மாமா பாத்ரூம்னு..."

"வீட்ல நானும் அவளும்தான். கல்யாணமாகாத பொண்ணு. உடம்புல ஒரு கீறல் கிடையாது. ஊரு என்ன பேசும்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன் மாப்பிள்ளை. ஒரே நிமிஷம். தூக்கிட்டுப் போய் பாத்ரூம்ல போட்டுத் தலையில தண்ணி ஊத்தினேன்."

நோட்டை மூடினேன். அவரே தொடர்ந்தார்.

"மணியாலதான்னு எனக்குத் தெரியும். ஏன்னு தெரியாது. அன்னைக்கே சுத்தியலை அறுத்தேன். எனக்குச் சத்தம் ஆகாதுன்னு சொல்லிட்டேன். உங்க அத்தை நம்பினா, பொண்ணும் நம்பினா. அவ உங்க கூட வரும்போது, சத்தம் இல்லாம பாத்துக்கோங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. ஏன்னு கேட்டா என்ன சொல்றது?" பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அன்னைக்குக் காலையில ஏதாவது மணி அடிச்சுதா?"

சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்று கத்தலாம். அதற்கான எல்லா உரிமையும் எனக்கு இருந்தது. மனிதர் நின்றபடியே, அடிக்குத் தலையைக் கொடுப்பவர் மாதிரி குனிந்திருந்தார்.

"அடிச்சுது மாமா. நான்தான் வச்சேன்."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சிட்டு திரும்பி வந்து, "ரெண்டு பேரும் ஏன் கீழே உக்காந்திருக்கீங்க, சோபா உடைஞ்சு போச்சா?" என்று கேட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

அத்தையிடம் சொன்னோம். முதலில் மாமா, பிறகு நான். அத்தை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவ தலை ஈரமா இருந்துச்சே" என்றார். பிறகு எழுந்து பாத்ரூம் வாசலில் போய் நின்றார். "முப்பத்திரண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நடக்கறேன். ஆளை வச்சுக் கொத்தச் சொன்னேன் இந்தத் தரையை. என் பொண்ணு கால் தேய்ஞ்சுபோச்சுன்னு அழுவா, அடிச்சிருக்கேன் அவளை. தரை என்னய்யா பண்ணுச்சு?"

மாமா சுவரோடு நின்றார்.

"உங்க கிட்ட நான் அப்புறம் பேசிக்கறேன்" என்றார் அவரிடம். நான் கிளம்பும்போது அத்தை வாசல் வரை வந்தார்.

"எத்தனை மணிக்கு டாக்டர் வருவாங்க?"

மார்ச் 24, செவ்வாய்

சிட்டு ஒயர்களைப் பார்த்ததும் என் காலைக் கட்டிக்கொண்டாள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு அவரே மேசையில் ஏறிப் படுத்தார். "எனக்கு முதல்ல எடுங்க. பாரு சிட்டு, பாட்டி டிவி ஆகப் போறேன்."

"என்ன சேனல் பாட்டி?"

"பாட்டி சேனல்தான். வேற எது?"

அடுத்தது சிட்டு. அவள் அம்மா மாதிரியே அசையாமல் படுத்தாள். நான் பொருத்திய மெஷின்தான். பேப்பர் வெளியே வர வர, பழக்கத்தில் கண் பேஸ்லைனுக்குப் போனது. இழுத்துத் திருப்பினேன். மெஷினைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டோரத்தில் பற்பசை காய்ந்திருந்தது.

டாக்டர் அளந்தார். அத்தைக்குப் பன்னிரண்டரை. சிட்டுவுக்கும் நீளம்தான்.

அத்தை என் கையைப் பிடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் அவர் என்னைத் தொடுகிறார்.

"தெரிஞ்சுபோச்சுல்ல" என்றார் டாக்டர். "இவ்வளவு நாள் தெரியாம இருந்ததுதான் ஆபத்து. மருந்து ரெண்டு பேருக்கும். ஒரு வேளை கூடத் தவறக் கூடாது."

மார்ச் 25, புதன்

டூல்பாக்ஸ் மூடியில் இருந்த தாளைப் பிரித்தேன். பசை விடவில்லை, ஓரம் கிழிந்தது. பின்னாடியும் எழுதியிருந்தாள். இரண்டு வருடமாக ஒட்டியே இருந்ததால் தெரியவில்லை.

'என் படத்தை ஊரெல்லாம் காட்டப் போறாராம். கொஞ்சம் பவுடராவது போட்டிருப்பேன்.'

சிரித்தேன். பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஏப்ரல் 9, வியாழன்

பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் பேசினேன். மணிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, மதியம் தூங்கும்போது யாரும் தட்டி எழுப்பக் கூடாது, காலைத் தொட்டுத்தான் எழுப்ப வேண்டும். எழுதிக் கொடுத்தேன். எதையும் மறைக்கவில்லை. டீச்சர் படித்துவிட்டு, "காலைத் தொட்டு எழுப்பணுமா? இதை எல்லாப் புள்ளைங்களுக்கும் பண்ணலாமே" என்றார்.

மே 3, ஞாயிறு

அத்தை மாமாவிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் காலையும் மாலையும் மாத்திரை நேரத்துக்கு அவர் தண்ணீரோடு வந்து நிற்கிறார், அத்தை வாங்கிக்கொள்கிறார். போட்டோவிலிருக்கும் பெண்ணைப் பற்றிச் சிட்டு கேட்டாள். "உன் சின்னப் பாட்டி. போன் மணியில பயந்து போயிட்டா" என்றார் மாமா, அத்தையின் எதிரிலேயே. அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாத்ரூம் தரைக்குப் புது ஓடு போட ஆள் வந்திருக்கிறது.

மே 19, செவ்வாய்

இன்னும் நாலரைக்கே விழிப்பு. வயிறு ஏறுகிறது, இறங்குகிறது.

ஜூன் 14, ஞாயிறு

நான் தூங்கிவிட்டேன்.

யாரோ என் கால் பெருவிரலைப் பிடித்து மெதுவாக அழுத்தினார்கள். ஒரு கணம் எந்த வருடம் என்றே தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் ஜன்னலில் நல்ல வெயில். எட்டே கால். மேசையில் சத்தத்தை அணைத்து வைத்த என் போன் மின்னிக்கொண்டிருந்தது. கட்டில் நுனியில் சிட்டு நின்றிருந்தாள், ஒரு கையில் அவள் மருந்து பாட்டில், இன்னொரு கையில் என் விரல்.

"போன் அடிக்குதுப்பா" என்றாள் ரகசியம் மாதிரி. "எடுங்க."